உப்பு போன வழி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து அட்லாண்டிக்குக்குள் வளைந்து நீளும் நிலத்துக்குக் கேப் காட் என்று பெயர். அதன் நுனியில் இருக்கும் பிராவின்ஸ்டவுன், ஒரு காலத்தில் திமிங்கல வேட்டைக்குக் கப்பல் அனுப்பிய ஊர். 1975-ல் அங்கே ஆல் அவெல்லார் என்ற படகுக்காரர், காசு வாங்கிக்கொண்டு ஜனங்களைக் கடலுக்குள் அழைத்துப் போய்த் திமிங்கலம் காட்டும் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அது புதுசு. கொல்லாமலும் திமிங்கலத்தை வைத்துப் பிழைக்கலாம் என்பதை அந்த ஊர் அப்போதுதான் கண்டுகொண்டது. அந்தத் தொடக்க வருஷங்களில் அவெல்லார் குடும்பத்துக் கேப்டன் ஆரோன், ஒரு கூன்முதுகுத் திமிங்கலத்தை மறுபடி மறுபடி பார்த்தார். அதன் முதுகுத் துடுப்பில் வெள்ளைத் தழும்புகள், உப்பைத் தூவி விட்டதுபோல. 'சால்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தக் கடற்பகுதியான மெய்ன் வளைகுடாவில் பெயர் பெற்ற முதல் கூன்முதுகுத் திமிங்கலம் அதுதான். நாம் உப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

பெயர் வைப்பது விளையாட்டுக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் அதுவரை திமிங்கலப் பயணங்களைப் பற்றி விஞ்ஞானிகள் அறிந்ததில் பெரும்பகுதி செத்த திமிங்கலங்களிடமிருந்து வந்தது. எண் பொறித்த ஒரு எஃகுக் குழலைத் திமிங்கலத்தின் உடம்புக்குள் சுட்டுப் பதிப்பார்கள். பல வருஷம் கழித்து வேறெங்கோ ஒரு வேட்டைக் கப்பல் அதைக் கொன்று, அறுத்து, கொழுப்பை உருக்கும்போது அந்தக் குழல் கையில் அகப்பட்டால், இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்று ஒரு கோடு வரையலாம். கோட்டில் இரண்டே புள்ளிகள். இரண்டாவது புள்ளியில் திமிங்கலம் இல்லை.

1970களில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் இருக்கும் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கில் ஸ்டீவன் கடோனாவும் அவருடைய சகாக்களும் வேறு வழி பிடித்தார்கள். கூன்முதுகுத் திமிங்கலம் ஆழத்துக்குப் போகும்போது வாலை நிமிர்த்திக் காட்டிவிட்டுத்தான் போகும். வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள், கீறல்கள், விளிம்பில் வெட்டுகள். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அந்த வாலைப் படம் எடுத்து அடுக்கி வைத்தால் போதும். அப்படித் தொடங்கிய வட அட்லாண்டிக் வால் தொகுப்பில் இன்றைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் இருக்கின்றன. படம் எடுத்தவர்களில் பேராசிரியர்களும் உண்டு, சுற்றுலாப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே காமிராவை அழுத்தியவர்களும் உண்டு.

உப்பைப் பொறுத்தவரை முக்கியமான படம் 1978-ல் கிடைத்தது. எடுத்த இடம் கேப் காட் அல்ல. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 2,400 கி.மீ. தள்ளி, டொமினிக்கன் குடியரசின் வடகரையிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில், கரையே தெரியாத நடுக்கடலில் கிடக்கும் சில்வர் பேங்க் என்ற பவளத் திட்டு. மன்னார் வளைகுடாக்காரர்கள் 'பார்' என்பார்களே, அந்த மாதிரி இடம். ஆனால் மிகப் பெரியது. கோடையில் பிராவின்ஸ்டவுன் படகுகளுக்குப் பக்கத்தில் மீன் தின்ற அதே திமிங்கலம் குளிர்காலத்தில் அங்கே இருந்தது. மெய்ன் வளைகுடாத் திமிங்கலங்கள் குளிருக்கு எங்கே போகின்றன என்ற கேள்விக்கு, உயிரோடு இருக்கும், பெயர் தெரிந்த ஒரு திமிங்கலம் பதில் சொல்லிவிட்டது.

அந்தத் திட்டுக்குச் சில்வர் என்ற பெயர் வந்ததும் ஒரு பயணத்தால்தான். 1641-ல் வெள்ளி ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போன ‘நுவெஸ்த்ரா செனோரா தெ லா கொன்செப்சியோன்’ என்ற கப்பல் அங்கே பவளப் பாறைகளில் மோதி மூழ்கியது. வில்லியம் ஃபிப்ஸ் என்பவர் முக்குளிப்பவர்களை இறக்கி அந்த வெள்ளியை அள்ளி 1687-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சர் பட்டம் வாங்கினார். 1692-ல் மாசசூசெட்ஸுக்கே ஆளுநரானார். அவர் பிறந்தது மெய்னில். உப்பு போய்வரும் இரண்டு முனைகளிலும் கால் வைத்த மனிதர்! வரலாறு சில சமயம் இப்படி வேண்டுமென்றே செய்தாற்போல ஒத்துப்போகிறது.

உப்பின் வருஷம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், சாப்பாட்டில் தொடங்குகிறது என்பேன். ஸ்டெல்வேகன் பேங்க் என்பது மாசசூசெட்ஸ் விரிகுடாவின் வாயில் கிடக்கும் மணல் மேடு. பனியுகத்துப் பனிப்பாளங்கள் இழுத்துவந்து போட்ட மணலும் சரளையும். அதன் சரிவில் மோதும் நீரோட்டம் அடியிலிருக்கும் சத்து நீரை மேலே தள்ளுகிறது. மேலே வெயில், கீழிருந்து சத்து. நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் நுண்ணுயிர் பெருகுகிறது, அதைத் தின்ன ஒல்லியான மணல் மீன்கள் வருகின்றன. பயம் வந்தால் மணலுக்குள் செருகிக்கொள்ளும் மீன் அது. திமிங்கலத்துக்கு அதுதான் சோறு. ஏப்ரலிலிருந்து இலையுதிர் காலம் முடியும்வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டன் தின்னும்.

தின்பதிலும் கைத்திறன் உண்டு. மீன் கூட்டத்துக்கு அடியில் வட்டமாக நீந்தியபடி மூச்சை விடும். குமிழிகள் மேலெழுந்து வேலி கட்டும். மீன்கள் நடுவில் நெருக்கியடிக்க, வாயைப் பிளந்து கீழிருந்து வரும். 1980-ல் மெய்ன் வளைகுடாவில் ஒரு திமிங்கலம் புதிதாக ஒன்று செய்தது. குமிழி விடுவதற்கு முன்னால் வாலால் நீரை ஓங்கி அடித்தது. அந்தச் சமயம் ஹெர்ரிங் மீன் குறைந்து மணல் மீன் பெருகியிருந்தது. அடுத்த 27 வருஷப் பதிவுகளைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திமிங்கலங்கள் அந்த அடியைக் கற்றுக்கொண்டிருந்தன. தாயிடமிருந்து மட்டுமல்ல, கூடச் சேர்ந்து மேயும் தோழிகளிடமிருந்தும் தொற்றியிருக்கிறது. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. ஒரு கடலின் சாப்பாட்டுப் பழக்கம் அந்தக் கடலுக்கே உரியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் தீனியெல்லாம் தோலுக்கடியில் கொழுப்பாகச் சேர்கிறது. சேர்ந்தாக வேண்டும். ஏனென்றால் தெற்கே போகும் வழியிலும், போய்ச் சேர்ந்த இடத்திலும், திரும்பும் வழியிலும் உப்புக்கு அநேகமாக ஒரு வாய் சாப்பாடு கிடையாது. பவளத் திட்டைச் சுற்றியிருக்கும் நீர் கண்ணாடிப் பச்சை. சுற்றுலா விளம்பரத்துக்கு அழகு. அந்தத் தெளிவுக்குக் காரணமே அதில் உயிர்ச்சத்து இல்லை என்பதுதான். பிள்ளை பெறப் போகிற இடத்தில் பட்டினி, சாப்பிடுகிற இடத்தில் பிள்ளை பெற முடியாத குளிர். கூன்முதுகுத் திமிங்கலத்தின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது.

புறப்பாட்டில் ஒரு வரிசை இருக்கிறது. தென்கோளத்து வேட்டைக் காலப் பதிவுகளை வைத்து நியூசிலாந்துக்காரர் வில்லியம் டாபின் அதை விவரமாக எழுதினார். பால்குடி மறக்கப்போகும் குட்டியோடு இருக்கும் தாய்கள் முன்னால் போகும். பிறகு இளசுகள், வளர்ந்த ஆண்கள். கருவுற்ற பெண்கள் கடைசி. கடைசி நாள்வரை நின்று தின்றுவிட்டுத்தான் அவை கிளம்பும். வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துத் தின்ன வேண்டுமே. திரும்பும்போது வரிசை தலைகீழ். புதிதாகக் கருவுற்றவை முதலில் தீனியைத் தேடி விரையும். பச்சைக் குட்டியோடு இருக்கும் தாய்கள் கடைசியில் கிளம்பும்.

வழியில் கரை ஓரமாகப் போவதில்லை, திறந்த கடல்தான். மணிக்கு நாலைந்து கி.மீ. வேகம், மனிதன் நடக்கும் வேகம். இரவும் பகலும் போனால் ஒரு மாதத்தை ஒட்டிப் போய்ச் சேரலாம். செயற்கைக்கோள் கருவி பொருத்திய கூன்முதுகுத் திமிங்கலங்களின் தடங்களை 2011-ல் ஒரு குழு ஆராய்ந்தது. நீரோட்டம் குறுக்கே தள்ளினாலும், புயல் வந்தாலும், சில திமிங்கலங்கள் 200 கி.மீ.க்கும் மேல் ஒரே திசையை ஒரு பாகை பிசகாமல் பிடித்துப் போயிருக்கின்றன. சூரியனா, பூமியின் காந்தமா என்று கேட்டால், இரண்டில் எது ஒன்றும் தனியாக அந்த நேர்கோட்டை விளக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு.

நடுவழியில் பெர்முடா. அமெரிக்கக் கடற்படைக்காக அங்கே கடலடி ஒலிவாங்கிகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்த ஃபிராங்க் வாட்லிங்டன், நீர்மூழ்கிச் சத்தங்களுக்கு நடுவில் முனகலும் கீச்சலும் இழைதலுமாக வேறொன்றைக் கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார். அது வடக்கே போகும் கூன்முதுகுத் திமிங்கலங்களின் சத்தம். நாடாக்களை அவர் ராஜர் பெய்னிடம் கொடுத்தார். பெய்னும் ஸ்காட் மெக்வேயும் அதைப் பிரித்துப் பார்த்து, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் அமைப்புள்ள பாட்டு என்று 1971-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே அது இசைத்தட்டாக வந்து ஊரெல்லாம் கேட்டுவிட்டது. திமிங்கல வேட்டைக்கு எதிராக ஜனங்கள் மனம் திரும்பியதில் அறிவியல் கட்டுரைகளைவிட அந்த இசைத்தட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டிலும் அந்தப் பாட்டு இருக்கிறது. கோள்களை எல்லாம் தாண்டிவிட்ட திமிங்கலப் பயணம் அது ஒன்றுதான்.

பாடுவது ஆண் மட்டும். சில்வர் பேங்கில் பிப்ரவரி மாதம் தலையை நீருக்குள் வைத்தால் பாட்டைத் தவிர வேறெதுவும் காதில் விழாது என்கிறார்கள் போனவர்கள். ஒரே கடலில் ஒரு பருவத்தில் எல்லா ஆண்களும் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடும். வருஷத்துக்கு வருஷம் பாட்டு மாறும். மாற்றத்தை எல்லாம் சேர்ந்தே ஏற்கும். யாருக்காகப் பாடுகிறது என்பதில் சண்டை தீரவில்லை. பெண்ணைக் கவர என்பார்கள் சிலர், மற்ற ஆணோடு பேச என்பார்கள் சிலர். பாட்டைக் கேட்டு ஒரு பெண் நேரே போய் நின்றதைவிட, இன்னொரு ஆண் போய் நின்றதைத்தான் ஆட்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள். பெண்ணுக்காக நடப்பது பாட்டு மட்டுமல்ல, முரட்டு மல்லுக்கட்டும்தான். ஒரு பெண் முன்னால் நீந்த, பக்கத்தில் ஒரு ஆண் காவல்போல ஒட்டிக்கொள்ள, பின்னால் ஐந்தாறு ஆண்கள் துரத்தி வந்து தலையால் முட்டும், வாலால் வெட்டும். முதுகுத் துடுப்பு கிழிந்து ரத்தம் வடியும். 30 டன் உடம்புகள் மோதும் சத்தம் படகுக்குக் கேட்கும்.

இந்த அமளிக்கு ஒதுங்கி, திட்டின் பவளத் தலைகள் நீர்மட்டத்துக்குக் கிட்டே எழும்பி அலையை உடைக்கும் இடத்தில் தாய்கள் இருக்கும். குட்டி பிறக்கும்போதே நாலு மீட்டர் நீளம், ஏறத்தாழ ஒரு டன் கனம். அதற்குக் கொழுப்புப் படலம் மெல்லிசு. மூச்சை அடக்கத் தெரியாது. தாய் கீழே இருபது நிமிஷம் அசையாமல் கிடந்து ஓய்வெடுக்கும். குட்டி அதன் மோவாய்க்கு அடியிலிருந்து மூன்று நாலு நிமிஷத்துக்கு ஒரு முறை மேலே ஏறி, மூச்சு வாங்கி, சின்ன வட்டம் ஒன்று சுற்றிவிட்டு மறுபடி அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். தாய்ப்பாலில் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பு. குட்டி பெருக்கப் பெருக்கத் தாய் இளைக்கிறது. வடக்கே திரும்புவதற்குள் அது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் வளைகுடாவில் தாய்க்கும் குட்டிக்கும் ஒட்டுக் கருவி பொருத்திக் கேட்டார்கள். 2017-ல் வந்த ஆய்வு. இருபது கி.மீ.க்கு அப்பாலும் கேட்கும்படி பாடும் இனத்தில், தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வது நூறு மீட்டருக்குக்கூட எட்டாத முணுமுணுப்பு. பால் வேண்டும் என்றால் குட்டி கத்துவதில்லை, உடம்போடு உரசுகிறது. கத்தினால் கொலைகாரத் திமிங்கலமான ஓர்க்காவுக்குக் கேட்கும். அலையும் ஆண்களுக்கும் கேட்கும். குட்டியோடு இருக்கும் பெண்ணுக்கு இரண்டும் தொல்லைதான்.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போக வேண்டும்? வெதுவெதுப்பில் குட்டி சீக்கிரம் வளரும் என்பது பழைய விடை. உலகம் முழுக்கக் கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி போடும் இடங்களின் நீர் 21-லிருந்து 28 பாகை செல்சியஸுக்குள் இருப்பதை 2007-ல் ஒரு ஆய்வு காட்டியது. அண்டார்க்டிகாவில் தின்னும் திமிங்கலங்கள் அந்த வெப்பத்தைத் தேடி நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கோஸ்டா ரிகா கரைவரை, 8,300 கி.மீ.கூட வருகின்றன. ஆனால் ஆர்க்டிக்கின் வில்தலைத் திமிங்கலம் பனிக்கடலிலேயே குட்டி போட்டு வளர்க்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். குட்டியைக் கொல்லும் ஓர்க்கா வெப்பக்கடலில் குறைவு என்பது இரண்டாவது விடை. பழைய தோலை உரித்துக்கொள்ளச் சூடான நீர் தேவை, அதற்கே போகின்றன என்பது அண்மைக் கால விடை. மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம். வடக்கே வரும் குட்டிகளின் வாலில் ஓர்க்காப் பல் தடங்களை வேண்டிய அளவு படம் எடுத்திருக்கிறார்கள்.

கரு தாங்கும் காலம் பதினோரு மாதம், கூடினால் ஒரு வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சில்வர் பேங்கில் உருவான கரு, தாயின் வயிற்றில் வடக்கே போய், கோடை முழுக்க ஸ்டெல்வேகனில் இருந்து, மறுபடி தெற்கே வந்து பிறக்கிறது. தன் துடுப்பால் நீந்தி அது போகும் முதல் பயணம், உண்மையில் அந்த வழியில் அதற்கு மூன்றாவது பயணம்.

உப்பு 1980-ல் குட்டியோடு வந்தது. அது பெண் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. குட்டிக்குக் கிரிஸ்டல் என்று பெயர் வைத்தார்கள். பொதுவாக அங்கே வால் அடையாளத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள், அதற்காக வருஷம் ஒருமுறை கூடி வாதாடுவார்கள். உப்பின் வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அடுத்து வந்த குட்டிகளில் ஒன்று பிரைன், அதாவது உப்புநீர். பிறகு சமையல்கட்டே இறங்கி வந்துவிட்டது: சல்சா, டபாஸ்கோ, கேஜுன், வசாபி, சோயா, ஸ்ரீராச்சா. ஒரு டஜனுக்கு மேற்பட்ட குட்டிகள். அவற்றில் பெண்கள் குட்டி போட்டு, உப்பு பாட்டியாகி, கொள்ளுப்பாட்டியும் ஆகிவிட்டது. உலகத்தில் மிக நன்றாக அறியப்பட்ட பெரிய திமிங்கலங்களில் அது ஒன்று.

இந்த வம்சாவளியிலிருந்து தெரிந்த விஷயம்தான் இந்தக் கதையின் உயிர். குட்டி தாயோடு இருப்பது ஒரு வருஷத்தை ஒட்டி. அந்த ஒரே ஒரு கோடையில் தாய் எந்தக் கடலுக்குக் கூட்டிப்போய்த் தின்னக் கற்றுக்கொடுத்ததோ, அந்தக் கடலுக்குத்தான் அது ஆயுள் முழுக்கத் திரும்பி வரும். 1992-லும் 1993-லும் ஏழு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வட அட்லாண்டிக் முழுக்க வால் படமும் தோல் துணுக்கும் எடுத்தார்கள். மேற்கிந்தியக் கடலில் கூடும் கூட்டம் பத்தாயிரத்துச் சொச்சம் என்று அப்போது கணித்தார்கள். மெய்ன், நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே என்று கோடையில் எங்கெங்கோ பிரிந்து தின்னும் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் அதே பவளத் திட்டுகளுக்கு வருகின்றன. நார்வேக்காரர்களுக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ 8,000 கி.மீ. அதனால் மெய்ன்காரர்கள் முன்னால் வந்துவிடுகின்றன, ஐஸ்லாந்தும் நார்வேயும் பிந்தி வருகின்றன. அங்கே எல்லாம் கலந்து இணைகின்றன. ஆனால் நார்வே ஆணுக்கும் மெய்ன் பெண்ணுக்கும் பிறந்த குட்டி மெய்னுக்குத்தான் போகும்.

நம்மில் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள், பிள்ளை அப்பாவின் ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லும். இங்கே அது இரண்டு விதத்திலும் புரண்டுகிடக்கிறது. பிரசவம் பொதுக் கடலில். சொந்த ஊர் தாயினுடையது, அதுவும் தாய் சாப்பிடும் இடம். பிறந்த இடத்தை வைத்து ஒரு கூன்முதுகுத் திமிங்கலத்தை எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

இதில் ஆபத்து இருக்கிறது. ஒரு தின்னும் கடலில் இருக்கும் பெண்களைக் கொன்றுவிட்டால், அந்த வழி தெரிந்தவர்களே இல்லாமல் போவார்கள். பக்கத்துக் கடலில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அந்த இடம் எளிதில் நிரம்பாது. வேட்டைக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் குளிர்காலத்தில் மேற்கிந்தியக் கடலுக்கு இறங்கின. குட்டியை முதலில் குத்தினால் தாய் விட்டுப் போகாது என்பது அவர்களுக்குத் தெரிந்த தொழில் நுணுக்கம். அவர்களிடம் கற்றுக்கொண்ட, அந்தக் கடலில் இருக்கும் பெக்வியா தீவில் இன்றும் அந்த வேட்டைக்கு அனுமதி உண்டு, வருஷத்துக்குச் சராசரி நாலு. வட அட்லாண்டிக்கில் வணிக வேட்டைக்கு 1955-ல் தடை வந்தது. அந்தத் தடையால்தான் உப்பு பிறக்க முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தடைக்குப் பிறகு வந்த ஆபத்துகளுக்குக் குத்தீட்டி இல்லை. 1987 நவம்பருக்கும் 1988 ஜனவரிக்கும் இடையில் கேப் காட் விரிகுடாவில் 14 கூன்முதுகுத் திமிங்கலங்கள் அடுத்தடுத்துச் செத்தன. தின்ற கானாங்கெளுத்தி இனத்து மீனில், செந்நிறப் பாசியிலிருந்து வரும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு. வடக்கே தாமதித்துத் தின்றவைதான் அகப்பட்டுக்கொண்டன.

கயிறு அதைவிடப் பெரிய எதிரி. சிங்கி இறால் கூடுகளின் கயிறு, செவுள் வலை. மெய்ன் வளைகுடாத் திமிங்கலங்களில் பாதிக்கு மேல் உடம்பில் கயிற்றுத் தழும்போடு இருக்கின்றன. 1984-ல் ஐபிஸ் என்ற இளம் பெண் திமிங்கலம் வலையில் சிக்கி, செத்திருக்கும் என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, நவம்பரில் நன்றி நவிலும் நாள் அன்று பிராவின்ஸ்டவுன் அருகே தென்பட்டது. கடற்கரை ஆய்வு மையத்தின் சார்ல்ஸ் மேயோவும் டேவிட் மாட்டிலாவும் படகில் போனார்கள். பழைய வேட்டைக்காரர்கள் குத்திய திமிங்கலம் ஓடாமல் களைக்க அதன் கயிற்றில் மிதவைப் பீப்பாய்களைக் கட்டுவார்கள். இவர்கள் சிக்கிய கயிற்றில் மிதவைகளைக் கட்டிக் களைக்க வைத்து, பக்கத்தில் போய் வலையை அறுத்து விட்டார்கள். கொல்வதற்குக் கண்டுபிடித்த தந்திரம்! இன்று உலகமெங்கும் வலையிலிருந்து திமிங்கலத்தை விடுவிப்பவர்கள் கற்பது அந்த முறையைத்தான்.

கப்பல் மோதுவது மூன்றாவது. பாஸ்டன் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் பாதை ஸ்டெல்வேகனின் மீன் மிகுந்த மூலை வழியாகவே போனது. பல வருஷத் திமிங்கலப் பதிவுகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்து, 2007-ல் பாதையைக் கொஞ்சம் வடக்கே திருப்பினார்கள். கப்பலுக்கு அதனால் கூடிய நேரம் அரை மணிக்கும் குறைவு. சுற்றுலாப் படகுகளின் நோட்டுப் புத்தகங்கள் சரக்குக் கப்பல்களை நகர்த்திய கதை இது. யாரும் இதற்கு இசைத்தட்டு போடவில்லை.

டொமினிக்கன் குடியரசு 1986-லேயே சில்வர் பேங்கைத் திமிங்கலக் காப்பகமாக்கியது. ஸ்டெல்வேகன் 1992-ல் காப்பகமானது. ஏழை நாடு முந்திக்கொண்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2006-ல் இரண்டும் உடன்பிறப்புக் காப்பகங்கள் என்று ஒப்பந்தம் போட்டன: ஒரே திமிங்கலங்களை இரண்டு முனையிலும் காப்பது. 2012-ல் நடுவழிப் பெர்முடாவும் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் அடியில் இருப்பது 1978 முதல் சேர்ந்த வால் படங்கள்தான்.

நம் பக்கத்துக் கடலிலும் கூன்முதுகுத் திமிங்கலம் உண்டு. ஆனால் அது இப்படி வலசை போவதில்லை. அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று அடிநீரைக் கிளப்பி மீனைப் பெருக்குகிறது. சாப்பாடும் வெதுவெதுப்பும் ஒரே கடலில் கிடைப்பதால் ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கிறது. ஏறத்தாழ 70,000 வருஷமாக மற்றவற்றோடு கலக்கவில்லை என்கிறது மரபணு ஆய்வு. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளில் 242 திமிங்கலங்களைத் திருட்டுத்தனமாகக் கொன்றன. இப்போது மிஞ்சியிருப்பது நூற்றுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். 2017-ன் இறுதியில் ஓமானில் லுபான் என்ற பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். வாலில் சாம்பிராணி மரம் போன்ற அடையாளம், அதனால் அந்தப் பெயர். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனைவரை வந்து திரும்பிப் போனது.

கொல்லம், முட்டம், தேங்காய்ப்பட்டணம், தூத்துக்குடி படகுகளில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லார் கையிலும் இன்று காமிரா உள்ள கைபேசி இருக்கிறது. நீண்ட வெள்ளைக் கைத்துடுப்பும் சின்னக் கூனும் உள்ள திமிங்கலம் தென்பட்டால், துரத்த வேண்டாம். அது முங்கும்போது வாலின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்து, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அருகிலுள்ள மையத்தில் கொடுங்கள். மங்கலான படமும் உதவும்.